மர்ஃபியின் நீலப் புத்தகம்: பையருக்கு மெயில் எழுதுகிறவர்கள் எந்தப் பக்கங்களைப் படிக்கலாம்?

திருப்பூர் பின்னலாடை கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு பையரோடு பேசி ஆர்டரை முடித்துக்கொடுக்கும் வேலைக்கு, வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே வராது என்று முதலாளிகள் அலுத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒற்றை வரி மெயிலெல்லாம் ஜோராகப் போடுகிறார்கள். 'ஃபேப்ரிக் இஸ் ரெடி.' 'சாம்பிள்ஸ் டிஸ்பேச்ட் டுடே.' இதில் என்ன குறை? தடுமாற்றமெல்லாம் இரண்டு சங்கதியை ஒரே வாக்கியத்தில் கோக்கும்போதுதான். ஆனால் எங்கள் பிழைப்பே அந்த மாதிரி வாக்கியங்களில்தான் ஓடுகிறது. லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயம் போட்ட மாதிரித் துண்டு) ஓகே ஆனால்தான் டையிங். பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முன் தைத்துக் காட்டும் மாதிரி) அப்ரூவல் வரும்வரை கட்டிங் போடக்கூடாது. துணி இரண்டு நாள் தள்ளிப்போனாலும் ஷிப்மென்ட் தேதி மாறாது. நூல் விலை ஏறுவதற்குள் ஆர்டரை உறுதி பண்ணுங்கள். 'ஆனால்தான்', 'வரும்வரை', 'போனாலும்', 'ஏறுவதற்குள்' என்று தமிழில் மூச்சு விடாமல் சொல்கிற பிள்ளை, அதையே ஆங்கிலத்தில் அடிக்க உட்கார்ந்தால் அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு புத்தகம் சொல்லுங்கள் மேடம் என்று கேட்கிறவர்களுக்கு நான் கொடுப்பது ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்'. கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ் வெளியீடு, 1985இல் முதல் பதிப்பு, 2019இல் ஐந்தாம் பதிப்பு. என் மேஜையில் இருப்பது ஐந்தாம் பதிப்பு. உலகம் முழுக்க விற்கிற புத்தகத்துக்கு நான் ரிவ்யூ எழுதி என்ன ஆகப்போகிறது என்று நினைக்கலாம். நான் பார்க்கப்போவது முழுப் புத்தகத்தை அல்ல. இணைப்புச் சொல் போட்டு, அதன் பின்னால் ஒரு துணை வாக்கியத்தைத் தொங்கவிடும் வேலை இருக்கிறதே, அதை மட்டும் இந்தப் புத்தகம் எவ்வளவு தூரம் கற்றுக்கொடுக்கிறது என்று சொல்கிறேன். டென்ஸ், ஆர்டிக்கிள் பற்றியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அமைப்பு ரொம்ப எளிது. மொத்தம் 145 யூனிட். ஒவ்வொன்றும் எதிரெதிர் இரண்டு பக்கம். இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி, விடைகள் கடைசியில். எந்த யூனிட்டும் அடுத்த யூனிட்டுக்கு வழியாது. டீ இடைவேளையில் ஒன்றை முடித்துவிடலாம். கடைசியில் ஸ்டடி கைடு என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் கோடிட்ட இடத்துக்கு விடை தேர்ந்தெடுத்துப் பார்த்து, எதில் சறுக்குகிறீர்களோ அந்த யூனிட்டுக்குப் போகலாம். இதை யாரும் திருப்பிப் பார்ப்பதே இல்லை. முதல் யூனிட்டிலிருந்து வரிசையாக ஆரம்பித்து, இருபதாவதில் சலித்து, புத்தகத்தை மானிட்டருக்கு முட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தப் புத்தகம் ஏன் நம்மவர்களுக்கு ஒத்துவருகிறது என்பதற்குப் பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் பேச வேண்டும். பத்தாம் வகுப்பில் எல்லாரும் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளக்ஸ் அட்டவணை மனப்பாடம் செய்தவர்கள்தான். 'இன் ஸ்பைட் ஆஃப்' வந்தால் சிம்பிள், 'பட்' வந்தால் காம்பவுண்ட், 'தோ' வந்தால் காம்ப்ளக்ஸ். ஒன்றை இன்னொன்றாக மாற்று, இரண்டு மார்க். கொஞ்சம் வசதியான வீடாக இருந்தால் ரென் அண்ட் மார்ட்டின் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அதில் துணை வாக்கியங்களை நௌன் கிளாஸ், அட்ஜெக்டிவ் கிளாஸ், அட்வெர்ப் கிளாஸ் என்று பிரித்து, அட்வெர்ப் கிளாஸை மறுபடியும் காலம், இடம், நோக்கம், காரணம், நிபந்தனை, விளைவு, ஒப்பீடு, விட்டுக்கொடுப்பு என்று எட்டாகப் பிரித்து வைத்திருக்கும். பெயர் வைப்பதில் அந்தப் புத்தகத்தை யாரும் மிஞ்ச முடியாது. வாக்கியத்தைக் கொடுத்தால் எது எந்த கிளாஸ் என்று எங்கள் ஆபீஸ் தம்பி ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அவனே அன்றைக்கு மத்தியானம் 'ஆல்தோ தி யார்ன் இஸ் லேட் பட் வி வில் மேனேஜ்' என்று 'ஆல்தோ'வையும் 'பட்'டையும் ஒன்றாகப் போட்டு மெயில் அனுப்புவான்.

பெயர் தெரிவதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. இணைப்புச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்பது தெரிய வேண்டும். மர்ஃபி செய்கிற வேலை இதுதான். 'இன் ஸ்பைட் ஆஃப்' போட்டால் பெயர்ச்சொல்லோ ஐஎன்ஜி வடிவமோ வரும். முழு வாக்கியம்தான் வேண்டுமென்றால் 'இன் ஸ்பைட் ஆஃப் தி ஃபேக்ட் தட்' என்று நீட்டு. 'டெஸ்பைட்' போட்டால் பக்கத்தில் 'ஆஃப்' வராது. 'டூரிங்' பெயர்ச்சொல்லோடு போகும், 'வொய்ல்' முழு வாக்கியத்தோடு போகும். அட்வெர்ப் கிளாஸ் ஆஃப் கன்செஷன் என்ற பட்டமெல்லாம் இல்லை. சரியான வாக்கியம், அதன் கீழே அடைப்புக்குறிக்குள் 'நாட்' என்று போட்டுத் தப்பான வாக்கியம், அடுத்த விஷயம். அவ்வளவுதான்.

யூனிட் 25ஐ முதலில் எடுங்கள். 'வென்', 'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்' இவற்றுக்குப் பின்னால், பேச்சு எதிர்காலத்தைப் பற்றியதாக இருந்தாலும் 'வில்' போடக்கூடாது என்பதுதான் அந்த யூனிட்டின் சாரம். 'வென் வி வில் ரிசீவ் தி அப்ரூவல், வி வில் ஸ்டார்ட் கட்டிங்' என்பது திருப்பூரிலிருந்து தினமும் போகிற வாக்கியம். 'வென் வி ரிசீவ்' என்று நிறுத்தினால் போதும். இந்த விதியை மர்ஃபி ஆங்கிலக்காரர் பார்வையில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நான் பிள்ளைகளுக்கு இதைத் தமிழ் வழியாகச் சொல்கிறேன். 'அப்ரூவல் வந்தவுடன் கட்டிங் ஆரம்பிப்போம்' என்கிறோம். வரப்போவது நாளைக்கு, ஆனால் நாம் சொல்வது 'வந்தவுடன்'. 'வருமுடன்' என்று யாராவது சொல்கிறோமா? 'வந்தால்' என்பதிலும் அதே கதைதான். நடக்கப்போவதைச் சொல்லும்போதும் இந்த இரண்டிலும் இணைப்பு ஒட்டும் இடத்தில் நாமும் எதிர்காலத்தைப் போடுவதில்லை. எதிர்காலம் கடைசி வினையில் மட்டும்தான், ஆரம்பிப்போம். ஆங்கிலமும் அதே மாதிரி ஒரு இடத்தில் 'வில்' போட்டுவிட்டால் இன்னொரு இடத்தில் போடாது. இதைச் சொன்னதும் முகத்தில் ஒரு தெளிவு வரும். புத்தகத்தில் இது கிடைக்காது, கிடைக்கவும் வழியில்லை. எல்லா மொழிக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே புத்தகம் எழுதுகிறவர் தமிழுக்கு என்று தனியாக எழுத முடியாதுதான்.

தமிழில் இணைப்பு வினையின் வாலிலேயே ஒட்டியிருக்கிறது. வந்தால், வந்தாலும், வந்ததும், வரும்வரை, வராவிட்டால். ஆங்கிலத்தில் இணைப்பு தனிச் சொல்லாகவோ சொற்கூட்டமாகவோ முன்னாலேயே வந்து நின்றுவிடும். பின்னால் எழுவாயும் காலம் காட்டும் வினையுமாக ஒரு முழு வாக்கியம் வந்தாக வேண்டும். முன்னால் வருவதால் எழுதுகிறவர் முதல் சொல்லிலேயே முடிவெடுத்துவிட வேண்டியிருக்கிறது. நமக்கு வாக்கியத்தின் நடுவில் எடுத்துப் பழகிய முடிவு. தடுமாற்றத்தில் பாதி இதனால்தான் என்பது என் அபிப்பிராயம்.

அதே யூனிட் 25இன் கடைசியில் 'வென்'னுக்கும் 'இஃப்'புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்னதாகச் சொல்லியிருப்பார். நிச்சயம் நடக்கும் என்றால் 'வென்', நடக்கலாம் என்றால் 'இஃப்'. வியாபாரத்தில் இது காசு. புது பையருக்குக் கொட்டேஷன் அனுப்பும்போது 'வென் யூ ப்ளேஸ் தி ஆர்டர்' என்று எழுதினால் ஆர்டர் நமக்குத்தான் என்று நாமே தீர்மானித்துவிட்ட மாதிரி இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும், சிலர் முகம் சுளிப்பார்கள். எதைப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும்.

இந்தப் புத்தகத்தை ஒரே ஒரு யூனிட்டுக்காக வாங்கலாம் என்றால் அது யூனிட் 114, 'இன் கேஸ்'. பள்ளியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. 'ஒருவேளை அப்படி ஆனால்' என்ற அர்த்தத்தில், அதாவது 'இஃப்'புக்குப் பதிலாக, எல்லாரும் இதைப் போடுகிறார்கள். மெயில் கொஞ்சம் பெரிய மனுஷத்தனமாகத் தெரியும் என்று நினைப்பு. மர்ஃபி ஒரே போடாகப் போட்டுவிடுகிறார். 'இஃப்' என்றால் அது நடந்த பிறகு செய்வது, 'இன் கேஸ்' என்றால் நடக்கலாம் என்று எண்ணி முன்கூட்டியே செய்து வைப்பது.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'வி வில் புக் ஏர் ஃப்ரைட் இன் கேஸ் வி மிஸ் தி வெஸல்.' எழுதிய பெண் சொல்ல நினைத்தது, கப்பலை விட்டுவிட்டால் விமானத்தில் அனுப்புகிறோம் என்று. பையர் படித்தது, கப்பலை விட்டுவிடக்கூடும் என்பதால் விமானத்தில் இப்போதே இடம் பிடித்துவைக்கிறோம் என்று. பதில் எப்படி வரும்? யாருடைய செலவில் புக் பண்ணுகிறீர்கள், அப்படியானால் ஷிப்மென்ட் லேட் என்று உங்களுக்கே தெரியுமா, எந்த ஸ்டைல், எத்தனை பீஸ்? இரண்டு சொல் மாறியதால் ஒரு சாயங்காலம் முழுக்க விளக்க மெயில் எழுதிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். 'இஃப் வி மிஸ் தி வெஸல், வி வில் ஷிப் பை ஏர்' என்றிருந்தால் கேள்வியே கிடையாது. 'இன் கேஸ்' தப்பான சொல் இல்லை. 'ப்ளீஸ் சென்ட் அஸ் டூ எக்ஸ்ட்ரா ஸ்வாட்ச்சஸ் இன் கேஸ் தி டையிங் யூனிட் நீட்ஸ் ஒன்' என்று எழுதிப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். அங்கே துணி மாதிரித் துண்டுகளை நிஜமாகவே முன்கூட்டி வாங்கி வைக்கிறோம். 'இன் கேஸ் ஆஃப்' என்பது வேறு, தீயணைப்புக் கருவியின் மேல் எழுதியிருக்கிற மாதிரி 'இன் கேஸ் ஆஃப் ஃபயர்'. அதன் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும். அதையும் அதே பக்கத்தில் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. இது பிரிட்டிஷ் ஆங்கிலப் புத்தகம். கடைசியில் அமெரிக்க வழக்குக்கு என்று ஏழாவது பின்னிணைப்பு ஒன்று உண்டு, சுருக்கமானது. அமெரிக்கர்கள் 'இன் கேஸ்' என்பதைச் சில நேரம் 'இஃப்' என்ற அர்த்தத்திலும் எழுதுவார்கள். அமெரிக்க பையரிடமிருந்து வந்த மெயிலைக் காட்டி 'மேடம், இவரே இப்படித்தானே எழுதுகிறார்' என்று கேட்டால் நான் சொல்வது, அவர் எழுதட்டும் கண்ணு, நீ 'இஃப்' போடு, யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்தது 112ம் 113ம். 'ஈவன் தோ', 'ஈவன் இஃப்'. 'ஈவன்' என்ற சொல்லுக்கான 112ஆவது யூனிட்டின் கடைசிப் பகுதியில் இவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 'ஆல்தோ', 'தோ', 'இன் ஸ்பைட் ஆஃப்' எல்லாம் 113இல். தமிழில் 'துணி லேட் ஆனாலும் ஷிப்மென்ட் சரியாகப் போகும்' என்கிறோம். துணி ஏற்கெனவே லேட் ஆகிவிட்டதா, இல்லை ஆகாமலேயும் போகலாமா? தமிழ் வாக்கியம் அதைச் சொல்வதில்லை, இடம் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் அதைச் சொல்லியே தீரும். 'ஈவன் தோ தி ஃபேப்ரிக் இஸ் டிலேய்ட்' என்றால் துணி லேட், அது நடந்த உண்மை. 'ஈவன் இஃப்' என்றால் அப்படி ஆனாலும் கூட. பையருக்கு தைரியம் சொல்கிறேன் என்று 'ஈவன் தோ' போட்டு, இல்லாத தாமதத்தை இருப்பதாக நாமே எழுத்தில் கொடுத்துவிடுகிறோம். பிற்பாடு டெபிட் நோட் (நஷ்டத்துக்கு நம் பணத்தில் பிடித்தம் செய்யும் சீட்டு) பேச்சு வரும்போது அந்த மெயிலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இந்த வித்தியாசத்துக்கு மர்ஃபி ஒதுக்கியிருப்பது சில வரிகள். நான் எழுதியிருந்தால் ஒரு முழு யூனிட் கொடுத்திருப்பேன்.

இதே 113இல் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் மறுபடியும் 'பட்' போடுவது நம் ஊரில் பரவலான பழக்கம். 'இருந்தாலும்', 'ஆனாலும்' என்று இரண்டையும் சேர்த்துப் பேசிப் பழகிய வாய். நான் பார்த்தவரை புத்தகம் அதைத் தப்பு என்று தனியாகச் சுட்டிக்காட்டவில்லை. சரியான உதாரணங்களைப் பார்த்து நாமாகவே ஊகித்துக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களில் 'நாட்' போட்டுத் தப்பைக் காட்டுகிறவர், இங்கே சும்மா இருந்துவிட்டார். வாக்கியத்தின் கடைசியில் 'தோ' போடும் வழக்கத்தை மட்டும் நன்றாகச் சொல்லியிருக்கிறார். 'தி கலர் இஸ் குட். தி ஹேண்ட் ஃபீல் இஸ் ஹார்ஷ், தோ.' பையர்கள் இப்படி எழுதும்போது, வாக்கியம் பாதியில் நின்றுவிட்டதோ என்று நம் பிள்ளைகள் அடுத்த மெயிலுக்குக் காத்திருப்பார்கள்.

யூனிட் 115, 'அன்லெஸ்', 'ஆஸ் லாங் ஆஸ்', 'ப்ரொவைடட்'. 'அன்லெஸ்' என்பதற்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது. மறுபடியும் 'டோன்ட்' போட்டால் தலைகீழாகிவிடும். 'அன்லெஸ் யூ டோன்ட் கன்ஃபர்ம், வி கேனாட் ஸ்டார்ட்' என்று எழுதினால், நீங்கள் உறுதி செய்யாமல் இருந்தால்தான் வேலை ஆரம்பிக்கும் என்று ஆகிறது. 'உறுதி செய்யாவிட்டால்' என்பதில் இருக்கிற 'ஆ' எங்கேயாவது தனியாகத் தெரிய வேண்டும் என்ற தவிப்பில் போடுகிற 'டோன்ட்' அது. 'அன்டில்' விஷயத்திலும் இதே தவறு வரும். 'அப்ரூவல் வராத வரைக்கும்' என்று நாம் சொல்வது பேச்சில் இயல்பு. அதை அப்படியே 'அன்டில் வி டோன்ட் கெட் தி அப்ரூவல்' என்று இறக்குவார்கள். 'அன்டில் வி கெட்' என்று சொன்னால் போதும் என்றால் நம்பவே மாட்டார்கள்.

'ப்ரொவைடட்' பற்றி ஒரு வார்த்தை. நிபந்தனை போட்டு எழுத இதைவிட நல்ல சொல் வியாபார ஆங்கிலத்தில் கிடையாது. 'வி கேன் மீட் தி டேட், ப்ரொவைடட் தி ட்ரிம்ஸ் ரீச் அஸ் பை தி டென்த்.' ட்ரிம்ஸ் என்றால் பட்டன், லேபிள் மாதிரியான சாமான்கள். பொறுப்பு பாதி அந்தப் பக்கம் போய்விட்டது பாருங்கள். மரியாதையும் கெடவில்லை. 'ஆஸ் லாங் ஆஸ்' என்பதும் கிட்டத்தட்ட இதே வேலை செய்யும். ஆனால் அதைப் பார்த்ததும் நீளத்தைப் பற்றிய பேச்சு என்று நினைத்து டெக் பேக்கில் (உடுப்பின் அளவு, விவரம் எல்லாம் உள்ள தாள்கள்) மெஷர்மென்ட்டைத் தேடிய பிள்ளையும் உண்டு.

120ஆவது யூனிட்டில் 'பை', 'அன்டில்', 'பை தி டைம்'. 'ப்ளீஸ் சென்ட் தி கமென்ட்ஸ் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால் வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருங்கள் என்று அர்த்தம். இதில் எனக்குப் புரியாத விஷயம், நம் தமிழ் இந்த வித்தியாசத்தை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வேறு, வெள்ளிக்கிழமை வரைக்கும் வேறு. 'க்குள்' என்றால் 'பை', 'வரைக்கும்' என்றால் 'அன்டில்'. அப்படியிருந்தும் ஏன் தடுமாறுகிறார்கள் என்றால், பள்ளியில் 'பை' என்றால் 'அவனால்', 'என்னால்' என்பதில் வரும் தமிழ் 'ஆல்' என்று ஒரே அர்த்தம் எழுதிப் போட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும். பேஸிவ் வாய்ஸ் படிக்கும்போது பிடித்த சொல், அதிலேயே தங்கிவிட்டது.

துணை வாக்கியம் என்றால் இணைப்புச் சொல் மட்டும் அல்ல. 'வாட்', 'வேர்', 'வென்' போட்டு ஒரு கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் நுழைப்பதும் அதில் சேர்த்தி. அது யூனிட் 50இல் இருக்கிறது. 'ப்ளீஸ் அட்வைஸ் வாட் இஸ் தி ஸ்டேட்டஸ்' என்பது நம் ஊர் ஏற்றுமதி ஆங்கிலத்தின் தேசிய கீதம். உள்ளே நுழைந்த பிறகு கேள்வி தன் கேள்வி வடிவத்தை விட்டுவிட வேண்டும், 'வாட் தி ஸ்டேட்டஸ் இஸ்'. இதை மாற்றி எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கேட்கவே கோணலாக இருக்கிறதாம். உண்மையைச் சொன்னால் பையர்களும் நம் வடிவத்துக்குப் பழகிவிட்டார்கள், அர்த்தம் கெடுவதும் இல்லை. நான் இதற்கு அதிகம் மல்லுக்கட்டுவதில்லை. இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் மட்டும் கவனமாகப் படிக்கட்டும்.

மல்லுக்கட்ட வேண்டிய இடம் 92 முதல் 96 வரை உள்ள ரிலேட்டிவ் கிளாஸ் யூனிட்டுகள். குறிப்பாகக் கடைசி இரண்டு. 'தி பீசஸ் விச் ஃபெயில்ட் இன்ஸ்பெக்‌ஷன் வில் பி ரீசெக்ட்' என்றால் இன்ஸ்பெக்‌ஷனில் தேறாத பீஸ்களை மட்டும் திரும்பப் பார்ப்போம். அதே வாக்கியத்தில் 'விச்' முன்னால் ஒரு கமா, 'இன்ஸ்பெக்‌ஷன்' பின்னால் ஒரு கமா போட்டால், பீஸ்கள் அத்தனையும் தேறவில்லை, அத்தனையும் பார்க்கப்போகிறோம் என்று ஆகிவிடும். இரண்டு கமாவில் ஒரு கன்டெய்னர் சரக்கு ஃபெயில். மர்ஃபி இதைப் பொறுமையாக, இரண்டு வகையையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, எதில் 'தட்' போடலாம், எதில் போடக்கூடாது என்று காட்டுகிறார். இந்தப் பகுதிக்குக் கண்ணை மூடிக்கொண்டு முழு மார்க் போடுவேன்.

இனி மனத்தாங்கல்கள். முதலாவது, சரக்கு சிதறிக் கிடக்கிறது. 'கன்ஜங்க்ஷன்ஸ் அண்ட் ப்ரெபசிஷன்ஸ்' என்ற தலைப்பில் 113 முதல் 120 வரை ஒரு கொத்தாக வைத்திருக்கிறாரே தவிர, 'வென்' 25இல், 'இஃப்' 38 முதல் 40 வரை, 'ஸோ தட்' 64இல், விளைவைச் சொல்லும் 'ஸோ... தட்' 102இல். இந்த 64ம் 102ம் ஒன்றுக்கொன்று குழப்பிக்கொள்கிற ஜோடி. ஒன்று நோக்கம், இன்னொன்று விளைவு. பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது, சில சொற்கூட்டங்களுக்கு வீடே கிடையாது. 'நவ் தட்', 'கிவன் தட்', 'நோ மேட்டர் ஹவ்', 'தி மொமன்ட்', இவற்றுக்குத் தனி யூனிட் இல்லை. பையர் மெயிலில் 'நவ் தட் தி லேப் டிப் இஸ் அப்ரூவ்ட்' என்று வராத வாரம் இல்லை. நம் பிள்ளைகள் அதில் 'நவ்'வை மட்டும் படித்து, இப்போதுதான் அப்ரூவ் ஆனதாக நினைத்துக்கொள்வார்கள். 'ஆகிவிட்டபடியால், இனி' என்று இரண்டும் சேர்ந்தது அது. இடைநிலை மாணவருக்கு இவ்வளவு போதும் என்று மர்ஃபி நினைத்திருக்கலாம். எனக்குப் போதவில்லை.

மூன்றாவது, பயிற்சிகள் கொஞ்சம் சுலபமானவை. 'இன் கேஸ்' யூனிட்டின் வலது பக்கத்தில் போய் உட்கார்ந்தால், விடை 'இன் கேஸ்' சம்பந்தப்பட்டதுதான் என்று முன்கூட்டியே தெரியும். நிஜ மெயிலில் அப்படி யாரும் தலைப்பு கொடுத்துவிட்டுக் கேட்பதில்லை. புத்தகத்தின் பின்பகுதியில் பல யூனிட்டுகளைக் கலந்து கொடுத்த கூடுதல் பயிற்சிகள் இருக்கின்றன, அவைதான் உண்மையான பரீட்சை. அதைவிட நல்லது, உங்கள் 'சென்ட்' ஃபோல்டரைத் திறந்து, போன வாரம் நீங்களே போட்ட மெயிலில் ஒரு 'இன் கேஸ்' தேடி, மர்ஃபி சொன்ன மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது.

வாங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள். விடைகளோடு உள்ள பதிப்பைக் கேட்டு வாங்குங்கள், விடை இல்லாமல் வகுப்பறைக்கென்று ஒன்று தனியாக விற்கிறார்கள். அட்டை நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு அட்டை 'எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்', அதுவும் மர்ஃபி எழுதியதுதான், ஆனால் ஆரம்ப நிலைக்கானது. பச்சை மார்ட்டின் ஹ்யூயிங்ஸ் எழுதிய 'அட்வான்ஸ்ட் கிராமர் இன் யூஸ்', நீலத்தைக் கரைத்துக் குடித்த பிறகு போக வேண்டியது. பழைய புத்தகக் கடையில் முந்தைய பதிப்பு கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம், நான் சொன்ன யூனிட் எண்கள் மட்டும் முன்னே பின்னே இருக்கும், பொருளடக்கத்தில் தலைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் பிரதி வேண்டவே வேண்டாம். கலர் பெட்டிகளும் தடித்த எழுத்துகளும் போய் எல்லாம் ஒரே சாம்பலாகிவிட்டால், எது விதி எது உதாரணம் என்றே தெரியாது.

எங்கள் ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் கொடுக்கிற வரிசை இது: 25, 38, 115, 114, 112, 113, 120, 119, 64, பிறகு 92 முதல் 96. மற்றதெல்லாம் அவரவர் தேவைக்கு. கூடவே மேஜையில் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரியும் இருக்கட்டும், இலவசமாக இணையத்திலும் பார்க்கலாம். ஒரு வினைக்குப் பின்னால் 'தட்' வாக்கியம் வருமா, 'டூ' வருமா, ஐஎன்ஜி வருமா என்பதை ஒவ்வொரு சொல்லுக்கும் அச்சடித்துக் கொடுப்பது அந்த அகராதியின் பழைய பழக்கம். அதைத் தொடங்கியவர் ஏ.எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மனிதர், அங்கேயே 1942இல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். வெளிநாட்டு மாணவன் எங்கே விழுவான் என்று வகுப்பில் நின்று பார்த்தவர் போட்ட அகராதி என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். 'சஜெஸ்ட்' என்று தேடிப் பாருங்கள், 'சஜெஸ்ட் யூ டூ' என்று எழுதுவதை அன்றைக்கே நிறுத்திவிடுவீர்கள்.

ஐந்துக்கு நான்கு. அந்த ஒரு மார்க் 'நவ் தட்'டுக்கும், 'ஆல்தோ... பட்'டுக்கும், 64ஐயும் 102ஐயும் பிரித்து வைத்ததற்கும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவர்கள், நாவல் படிக்கிறவர்கள் இதை வாங்கினால் போரடிக்கும். பேசத் தெரியாமல், ஆனால் தினமும் முப்பது நாற்பது மெயில் போட்டாக வேண்டியவர்கள் வாங்குங்கள். டீ டைமுக்கு ஒரு யூனிட், கையில் பென்சில்.